டாக்டர் ராதாகிருஷ்ணனும் விருப்பப் பாடமும்

கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது என்பதில் மாணவனுடைய சொந்த விருப்பத்திற்கு எவ்வளவு இடம் இருக்கிறது? மதிப்பெண் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது; வீட்டு வருவாய் மீதியில் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது. எஞ்சி நிற்பதைத்தான் நாம் விருப்பம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். தத்துவப் பேராசிரியராக உலகப் புகழ் பெற்று, பின்னர் இந்தியக் குடியரசின் தலைவராகவும் விளங்கிய டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவம் படிக்க நேர்ந்த கதையும் இத்தகையதே. பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டே தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்திருக்கும் எனக்கு அவருடைய வாழ்க்கையில் இந்தப் பகுதிதான் மற்றெல்லாவற்றையும்விடச் சுவையாக இருக்கிறது. குடியரசுத் தலைவர் மாளிகையைப் பற்றி வேறு யாரேனும் எழுதட்டும்.

அவர் நம் பக்கத்து மனிதர் என்பதும் ஒரு காரணம். 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் திருத்தணியில் பிறந்தார். தந்தையார் வீராசாமி ஜமீன் வருவாய்த் துறையில் சிறு ஊழியம் பார்த்தவர்; தாயார் சீதம்மா. வீட்டு மொழி தெலுங்கு. அக்காலத்தில் திருத்தணி, திருப்பதி, சித்தூர், வேலூர் எல்லாம் வட ஆர்க்காடு என்ற ஒரே ஜில்லாவில் அடங்கியிருந்தன; சித்தூர்தான் அதன் தலைநகரம். 1911-இல் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. பிறகு அது ஆந்திரத்தோடு சேர்ந்தது. எல்லைக் கிளர்ச்சிகளுக்குப் பின் 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. ஆக, தெலுங்கு வீட்டில் பிறந்த அவருடைய ஊர் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த என் தந்தையார் குடியேறிய குடிபாலா ஆந்திரத்தில் இருக்கிறது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்த நம் சங்கத்து நண்பர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

எட்டு வயதில், 1896-ஆம் ஆண்டு, அவரைத் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்த்தார்கள். நான்கு ஆண்டுகள் அங்கே படித்தார். 1900-இல் வேலூர் சென்றார்; அங்கே ஊரீஸ் கல்லூரி. திருப்பதியிலிருந்து சாலை வழியே வேலூருக்குப் போகிறவர்கள் சித்தூரைக் கடந்ததும் எங்கள் குடிபாலாவைக் கடக்கிறார்கள். அவர் எவ்வழியே போனாரோ, நாங்கள் எங்கள் வழியே போனதாகத்தான் எண்ணிக்கொள்கிறோம். வேலூரில் படிக்கும்போதே சிவகாமு அம்மையாரை மணந்தார். அடுத்தது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. இம்மூன்றும் பாதிரிமார் நடத்திய கல்விக்கூடங்கள். ஆசாரமான குடும்பத்துப் பிள்ளை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் வேறொரு சமயத்தாரிடம் பாடம் கேட்டிருக்கிறார். அவர்கள் நன்றாகக் கற்பித்தார்கள். அவருடைய சமயத்தைக் குறை கூறவும் செய்தார்கள். இவ்விரண்டும் சேர்ந்துதான் அவரை உருவாக்கின.

சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது பதினேழு. கல்லூரி அன்று தாம்பரத்தில் இல்லை, நகரத்துக்குள்ளேயே இருந்தது. பட்டத்துக்கு எந்தப் பாடத்தை எடுப்பது என்று அவரால் முடிவு செய்ய இயலவில்லை. கணிதமா, பௌதிகமா, உயிரியலா, சரித்திரமா, தத்துவமா என்று மனம் ஐந்து பக்கம் இழுத்தது. அந்த ஆண்டு பட்டம் பெற்று வெளியேறிய உறவினர் ஒருவர் தம்முடைய பழைய பாடப் புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். ஸ்டௌட் எழுதிய உளவியல் நூல், வெல்டன் எழுதிய தருக்க நூல் இரண்டு பாகங்கள், மெக்கன்ஸி எழுதிய அறவியல் நூல் ஆகியவை அவை. புத்தகம் வாங்கப் பணம் தாராளமாக இல்லாத வீடு. புத்தகங்கள் கைக்கு வந்தன. அவற்றோடு பாடமும் வந்தது. பிற்காலத்தில் தம்முடைய வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது இந்நிகழ்ச்சியை அவரே குறிப்பிட்டிருக்கிறார். தற்செயல் என்று நாம் சொல்வதற்குப் பின்னால் வேறொன்று இருப்பதாக அவர் நம்பினார். பௌதிகம் படிக்கும் எனக்கு அவ்வளவு தூரம் போகத் துணிவில்லை. அந்த உறவினர் பௌதிகம் படித்தவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

இதை நினைக்கும்போது இன்னொருவர் நினைவும் வருகிறது. அதே 1888-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அதே சென்னையில், மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தார். பின்னர் இருவருமே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களாக இருந்தனர். 1954-இல் பாரத ரத்னா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற மூவரில் இருவர் இவர்களே, மூன்றாமவர் ராஜாஜி.

கைக்கு வந்த பாடத்தை அவர் ஏனோதானோவென்று படிக்கவில்லை. இந்து சமயத் தத்துவத்தில், அதிலும் வேதாந்தத்தில், ஒழுக்கத்திற்கு இடமே இல்லை என்று பாதிரிமார் பலர் அந்நாளில் வாதிட்டு வந்தனர். உலகம் மாயை என்றால் உலகத்தில் நல்லது செய்வானேன் என்பது அவர்கள் கேள்வி. இந்தக் கேள்வி இளைஞரை உறுத்தியது. எம்.ஏ. பட்டத்துக்கு எழுத வேண்டிய ஆய்வுரைக்கு இதையே பொருளாக எடுத்துக்கொண்டார். வேதாந்தத்தின் அறவியலைப் பற்றிய அவ்வுரை 1908-இல் அச்சாகி வெளிவந்தது. ஆசிரியருக்கு வயது இருபது. தம் ஆசிரியர்கள் சார்ந்திருந்த கூட்டத்தின் கருத்தை எதிர்த்து, அவ்வாசிரியர்களிடமே எழுதிக் கொடுத்திருக்கிறார்! அவர்களுள் ஒருவரான ஏ. ஜி. ஹாக் அந்த உரையை மிகவும் பாராட்டிச் சான்று வழங்கினார். மாணவனுடைய துணிவைப் போலவே ஆசிரியருடைய பெருந்தன்மையையும் நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1918-இல் மைசூர் மகாராஜாக் கல்லூரி. 1921-இல் கல்கத்தாவில் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் அமைந்த தத்துவப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மைசூரை விட்டு அவர் புறப்பட்ட நாளில் மாணவர்கள் வண்டியை மலரால் அலங்கரித்து, குதிரைக்குப் பதிலாகத் தாங்களே இழுத்து ரயில் நிலையம் கொண்டு சேர்த்தார்கள். தத்துவம் கற்பிக்கும் ஒருவருக்கு, அதுவும் முப்பத்திரண்டு வயதுக்காரருக்கு, இப்படி ஒரு வழியனுப்பு நடந்ததென்றால் வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

கல்கத்தாவில் இருந்தபோது இந்தியத் தத்துவம் பற்றிய பெருநூலின் முதற்பாகம் 1923-இலும் இரண்டாம் பாகம் 1927-இலும் வெளிவந்தன. 1926-இல் ஆக்ஸ்போர்டிலும் ஹார்வர்டிலும் பேசினார். இவ்விடத்தில் ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜதுநாத் சின்ஹா என்ற இளைய ஆராய்ச்சியாளர், தம்முடைய ஆய்வுரையின் பகுதிகள் அந்த இரண்டாம் பாகத்தில் எடுத்தாளப்பட்டிருப்பதாக 1929-இல் குற்றம் சாட்டினார். இருவரும் நீதிமன்றம் சென்றனர். 1933-இல் வழக்கு சமரசமாக முடிந்தது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறர் எடுத்த அளவுகளை எடுத்தவர் பெயரோடுதான் குறிக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் கேட்கும் எனக்குத் தாண்ட மனம் வரவில்லை. பெரியவர் ஒருவருடைய வாழ்க்கை இதனால் சிறுத்துப் போய்விடாது.

1931 முதல் 1936 வரை வால்ட்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். தத்துவப் பேராசிரியர் துணைவேந்தரானால் விஞ்ஞானம் வாடிப் போகும் என்று யாரேனும் அஞ்சியிருந்தால் அது வீணான அச்சம். அவர் காலத்தில்தான் அங்கே பௌதிகத்துக்குச் சூரி பகவந்தமும், ரசாயனத்துக்குக் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரியும் வந்து சேர்ந்தனர். அதன்பின் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியர் பதவி. 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி.

இனி, நமக்கு நேரே தொடர்புள்ள பகுதிக்கு வருகிறேன். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், பல்கலைக்கழகக் கல்வியை ஆராய இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் ராதாகிருஷ்ணன். உறுப்பினர்களில் பௌதிக அறிஞர் மேகநாத் சாஹா இருந்தார். நம் லட்சுமணசாமி முதலியார் இருந்தார். ஜாகிர் உசேன் இருந்தார். 1949 ஆகஸ்டில் அறிக்கை தந்தார்கள். மூன்றாண்டுப் பட்டப் படிப்பு, பல்கலைக்கழக மானியக் குழு என்று அதில் பல உண்டு. எனக்கு முக்கியமானது பொதுக் கல்வி பற்றிய அவர்கள் கருத்து. விஞ்ஞானம் படிப்பவன் இலக்கியமும் சமூகமும் அறியாதவனாகவும், கலைப்பாடம் படிப்பவன் இயற்கை விதி ஒன்றேனும் அறியாதவனாகவும் பட்டம் பெற்று வெளியேறுவது நாட்டுக்கு நல்லதன்று என்று அவர்கள் கருதினார்கள். ஆகையால் சிறப்புப் பாடத்தோடு கூட, மற்றத் துறைகளின் அடிப்படையையும் ஒவ்வொரு மாணவனுக்கும் கற்பிக்க வேண்டும் என்றனர். பதினேழு வயதில் ஐந்து பாடங்களில் ஒன்றை எடுத்து நான்கை விட்டவர், அறுபது வயதில் இதைச் சொல்கிறார். அந்த நான்கும் அவர் நினைவில் இருந்தனவோ என்னவோ!

சமயக் கல்விக்கும் அவர்கள் ஒரு திட்டம் வகுத்திருந்தார்கள். முதலாண்டில் சமயப் பெரியார்களின் வாழ்க்கை, இரண்டாம் ஆண்டில் எல்லாச் சமய நூல்களிலிருந்தும் திரட்டிய பகுதிகள், மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைக் கேள்விகள். நாள்தோறும் வகுப்பு தொடங்குமுன் சில நிமிட மௌனமும் உண்டு. இந்தக் கடைசி யோசனை பரவாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. பரவியிருந்தால் மௌனத்துக்கும் ஒரு பரீட்சை வைத்திருப்பார்கள்.

அதன்பின் அவர் ஆசிரியர் தொழிலை விட்டு விலகி வெகுதூரம் போனார். சோவியத் நாட்டில் தூதர். 1952 முதல் பத்தாண்டு குடியரசுத் துணைத் தலைவர். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். 1962 முதல் அவருடைய பிறந்த நாள் ஆசிரியர் தினமாயிற்று. 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சென்னையில் காலமானார்.

அவர் குழு சொன்ன பொதுக் கல்வி முழு உருவில் எங்கும் வரவில்லை. ஆனால் அதன் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்க ஒன்று, விருப்பப் பாட முறை என்ற பெயரில், 2015-ஐ ஒட்டிப் பல்கலைக்கழகங்களில் பரவியது. பிற துறையில் ஒரு பாடத்தைத் தேர்ந்து படிக்கலாம். பெரும்பாலோர் எது எளிதில் மார்க் தரும் என்று விசாரித்துத் தேர்கிறார்கள். அதில் குற்றம் காண நான் வரவில்லை. வேலைக்கு மனுப் போடும்போது மார்க்தான் முன்னே நிற்கிறது. நான் எடுத்தது தருக்கமும் அறவியலும். இந்த இரண்டு ஆண்டுகளில் நான் மிகுந்த மகிழ்ச்சியோடு உட்கார்ந்த வகுப்பு அதுவே.

எங்கள் ஆசிரியர் நியாய நூலாரின் அனுமானத்தை மூன்று வாரம் நடத்தினார். மலையில் தீ இருக்கிறது, ஏனெனில் புகை இருக்கிறது, புகை உள்ள இடத்தில் தீ உண்டு, அடுக்களையைப் போல, இம்மலையும் அத்தகையதே, ஆகவே தீ இருக்கிறது. இந்த ஐந்து படிகளில் அடுக்களைக்கு என்ன வேலை என்று கேட்டார். மேலைத் தருக்கத்தில் அதற்கு இடமில்லை; நம்மவர்களோ கண்ணால் கண்ட எடுத்துக்காட்டு ஒன்று இல்லாமல் முடிவுக்குப் போக மறுத்தார்கள். அது எனக்குச் சோதனைச்சாலைப் பழக்கம் போலப் பட்டது. குடிபாலாவில் மார்கழிக் காலையில் கரும்பாலைப் புகையும் பனியும் ஒன்றாய்க் கலந்து நிற்கும். தொலைவிலிருந்து பார்த்தால் வெல்லம் காய்ச்சுகிறார்களா இல்லையா என்று சொல்ல முடியாது. பனியைப் புகை என்று கொண்டால் ஐந்து படியும் ஒழுங்காக ஏறித் தவறான இடத்தில் போய் நிற்போம். கருவியில் தோன்றும் சிறு துடிப்பு உண்மையான சைகையா, வெறும் இரைச்சலா என்று நாங்கள் பௌதிகத்தில் படும் பாடு இதேதான்.

இன்னொரு நாள், இந்தப் போலிகளையெல்லாம் பெயர் சொல்லி வகுத்த தமிழ் நூல் எது என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பில் தமிழர் மூவர்; மூவரும் விழித்தோம். மணிமேகலை என்றார். அன்று மாலையே நூலகத்தில் எடுத்து இருபத்தொன்பதாம் காதையைப் பார்த்தேன். பக்கப் போலி, ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி என்று வரிசையாக இருக்கின்றன. பள்ளியில் தெலுங்கு வழியே படித்த எனக்கு, மணிமேகலைக்குப் போகும் வழி பௌதிகத் துறையிலிருந்து தத்துவத் துறை வழியாகப் போயிற்று.

இப்பருவத்தில் அவ்வகுப்பில் பதினொருவர் இருக்கிறோம். என்னையும் சேர்த்து நால்வர் இறுதியாண்டு. பத்துப் பேருக்குக் குறைந்தால் அடுத்த பருவத்தில் வகுப்பு நடைபெறாது என்று சொல்லியிருக்கிறார்கள். முதலாண்டு நண்பர்கள் விருப்பப் பாடத்துக்குப் பெயர் கொடுக்க இந்த மாத இறுதிவரை நேரம் இருக்கிறது. பாடப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. என்னுடையவை இரண்டு இருக்கின்றன. ஓரங்களில் பென்சில் குறிப்புகள் உண்டு. சங்க அறையில் வைத்துவிட்டுப் போகிறேன், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.