அடிமைச் சிறுமி கண்ட எஜமான்

பெற்ற தாய் தனக்கு இட்ட பெயரையே மறந்துபோன ஒரு பெண், இன்று உலகத் திருச்சபை போற்றும் புனிதையாய் விளங்குகிறார். அவரே புனித ஜோசபின் பக்கித்தா. துன்பம் வரும்போது இறைவன் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் இறைவனைப் பற்றி யாரும் சொல்லித் தராத நாட்களிலேயே, அதுவும் அடிமைத்தளையில் கிடந்தபோதே, அவரைத் தேடத் தொடங்கியவர் பக்கித்தா. அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம்.

பெயரை இழந்த சிறுமி

ஆப்பிரிக்கக் கண்டத்தில், சூடான் நாட்டின் டார்ஃபூர் பகுதியில், ஏறத்தாழ 1869-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். அன்பான பெற்றோர், உடன்பிறந்தோர் என்று குறையில்லாத குடும்பம். ஒருநாள் அடிமை வியாபாரிகள் ஊருக்குள் புகுந்து அவருடைய அக்காளைத் தூக்கிச் சென்றனர். சில ஆண்டுகளில் அதே கொடுமை அவருக்கும் நேர்ந்தது. ஊருக்கு வெளியே தோழியுடன் நடந்து சென்ற அந்தச் சிறுமியை இருவர் வழிமறித்துக் கவர்ந்து சென்றனர். அப்போது அவருக்கு வயது பத்துகூட நிரம்பவில்லை.

அச்சத்தால் நாவெழாமல் நின்ற குழந்தைக்குத் தன் பெயரே மறந்துபோயிற்று. கவர்ந்தவர்களே ஒரு பெயர் வைத்தார்கள். பக்கித்தா என்பது அந்தப் பெயர். அதிர்ஷ்டம் உடையவள் என்று அதற்குப் பொருள். அடிமையாய் விற்கப்படப் போகும் குழந்தைக்கு இப்படி ஒரு பெயர்!

நூற்றுக்கணக்கான மைல்கள் அவர் நடத்திச் செல்லப்பட்டார். ஒருமுறை மற்றொரு சிறுமியுடன் தப்பி ஓடினார். ஆனால் மீண்டும் பிடிபட்டார். எல் ஒபைத், கார்ட்டூம் நகரங்களின் சந்தைகளில் பலமுறை விற்கப்பட்டார். எஜமானர்கள் மாறினார்களே தவிர, சவுக்கடி மாறவில்லை.

துருக்கிப் படை அதிகாரி ஒருவரின் வீட்டில் அவர் பட்ட வேதனை சொல்லி முடியாதது. உடலில் மாவினால் கோலம் போட்டு, அந்தக் கோடுகளின் மேல் கத்தியால் கீறினர். காயங்கள் தழும்பாக நிலைக்க வேண்டும் என்பதற்காக அவற்றில் உப்பைத் தேய்த்தனர். இவ்வாறு அவர் உடலில் 114 கீறல்கள்! ஒரு மாதத்திற்கு மேல் பாயில் கிடந்து அவர் உயிர் பிழைத்தார்.

இத்தகைய நாட்களிலும், சூரியனையும் நிலவையும் விண்மீன்களையும் பார்க்கும்போது அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்ததாம். இத்தனை அழகுக்கும் எஜமானர் யார், அவரை எப்படியாவது பார்த்து வணங்க வேண்டுமே என்று அவர் ஏங்கினாராம். எஜமான் என்றாலே நடுங்க வேண்டிய ஒரு சிறுமி, வானத்தைப் பார்த்து இன்னொரு எஜமானைத் தேடினாள்.

இத்தாலிய மண்ணில்

1883-இல் கார்ட்டூமில் இருந்த இத்தாலியத் துணைத் தூதர் கலிஸ்தோ லெஞ்ஞானி அவரை வாங்கினார். அந்த வீட்டில் அவரை யாரும் அடிக்கவில்லை. 1885-இல் லெஞ்ஞானி தாய்நாடு திரும்பியபோது பக்கித்தா தானும் வருவதாகக் கெஞ்சிக் கேட்டுக் கப்பலேறினார். இத்தாலியில் மிக்கியேலி என்ற குடும்பத்தாரிடம் அவர் ஒப்படைக்கப்பட்டார். அவர்களுடைய குழந்தை மிம்மினாவை வளர்ப்பது அவர் வேலை. அக்குழந்தையும் அவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராய் இருந்தனர்.

அக்குடும்பத்தின் சொத்துக்களைக் கவனித்து வந்த இல்லுமினாத்தோ கெக்கீனி என்ற பக்திமான், பக்கித்தாவுக்குச் சிறிய வெள்ளிச் சிலுவை ஒன்றைக் கொடுத்தார். அதில் தொங்குபவர் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆயினும் ஏதோ ஒரு சக்தி ஈர்க்க, அதை மறைவாக எடுத்து எடுத்துப் பார்த்து மகிழ்வார்.

1888-இல் மிம்மினாவின் தாய் சூடானுக்குப் பயணமானபோது, குழந்தையையும் பக்கித்தாவையும் வெனிஸ் நகரில் கனோசியன் கன்னியரிடம் விட்டுச் சென்றார். அக்கன்னியர் மறைக்கல்வி போதித்தபோதுதான், தான் சிறுவயது முதல் தேடிய எஜமானர் யார் என்பதைப் பக்கித்தா அறிந்துகொண்டார். அந்த எஜமானரும் தன்னைப் போலவே சாட்டையால் அடிக்கப்பட்டவர் என்பதையும் அறிந்தார்.

ஒரு சொல்

தாய் திரும்பி வந்து இருவரையும் அழைத்துச் செல்ல முயன்றார். பக்கித்தா மறுத்துவிட்டார். மறுப்பது எளிதாக இருந்ததா? இல்லை. ஒருபுறம் தான் வளர்த்த குழந்தையின் அழுகை; மறுபுறம் தனக்கு நன்மை செய்த வீட்டாரின் கோபம். அந்த நாட்டில் அவருக்கென்று உற்றார் இல்லை. கையில் காசும் இல்லை. வாழ்நாளெல்லாம் பிறர் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தே பழகியவர், இறைவனை மட்டும் நம்பி, வரமாட்டேன் என்று உறுதியாய் நின்றார்.

வழக்கு அதிகாரிகளிடம் சென்றது. இத்தாலியச் சட்டம் அடிமைத்தனத்தை ஏற்கவில்லை. ஆகவே பக்கித்தா சுதந்திரமானவர் என்று 1889 நவம்பர் 29-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. 1890 ஜனவரி 9-ஆம் நாள் அவர் திருமுழுக்குப் பெற்று ஜோசபின் என்னும் பெயர் பூண்டார். பிற்காலத்தில் அந்தத் திருமுழுக்குத் தொட்டியை முத்தமிட்டு, இங்கேதான் நான் கடவுளின் பிள்ளையானேன் என்று கூறி மகிழ்வாராம்.

மடத்து வாயிலில்

1896-இல் கனோசியன் சபையில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார். 1902-இல் ஸ்கியோ நகர் மடத்திற்கு அனுப்பப்பட்டார். சமையல், தையல், பூவேலை, வாயிற்காவல் என்று எந்த வேலையையும் முகமலர்ச்சியுடன் செய்தார். மடத்துக் கதவைத் தட்டிய ஏழைகளுக்கு அவருடைய கனிந்த குரலே ஆறுதலாயிற்று. கடத்திச் சென்றவர்களை மீண்டும் கண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, மண்டியிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன் என்ற கருத்தில் பதிலளித்தார். அவர்கள் இல்லாவிடில் தான் கிறிஸ்துவை அறிந்திருக்க முடியாதே என்பது அவர் எண்ணம். அவர்கள் செய்தது நன்மை என்று அவர் சொல்லவில்லை. அந்தத் தீமையிலிருந்தும் இறைவன் நன்மையை விளைவித்தார் என்றே நம்பினார்.

முதுமையில் நோயுற்றுச் சக்கர நாற்காலியில் முடங்கினார். நலம் விசாரித்தவர்களுக்கெல்லாம், எஜமானர் விரும்புவது போல் இருக்கிறேன் என்பதே அவருடைய மறுமொழி. இறுதி வேதனையில் பழைய நினைவுகள் திரும்பி வந்தன. சங்கிலி கனக்கிறது, தளர்த்திவிடுங்கள் என்று செவிலியைக் கெஞ்சினார். புனிதர்களுக்கும் காயங்கள் மறைந்துபோவதில்லை போலும்! ஆயினும் தேவமாதாவை அழைத்தபடியே, 1947 பிப்ரவரி 8-ஆம் நாள், மலர்ந்த முகத்துடன் உயிர் நீத்தார்.

2000 அக்டோபர் 1-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவருடைய திருநாளான பிப்ரவரி 8, 2015 முதல் மனித வணிகத்திற்கு எதிரான செப நாளாகவும் அனுசரிக்கப்படுகிறது. ஏனெனில் சிறுவர் சிறுமியரை விற்கும் கொடுமை இன்னும் உலகில் ஒழியவில்லை.

அன்புத் தோழியரே! இறைவனை நம்புகிறவர்களுக்குத் துன்பமே வராது என்று பக்கித்தாவின் வாழ்வு கூறவில்லை. துன்பத்தின் நடுவிலும் நம்மைத் தேடி வருகிற ஓர் எஜமானர் உண்டு என்றே கூறுகிறது. பணம், பயம், பிறர் பேச்சு என்று நம்மை ஆள வரும் எஜமானர்கள் எத்தனையோ! அவற்றுக்கு அடிபணியாமல் நிற்கும் துணிவையும், தீமை செய்தவரை மன்னிக்கும் மனத்தையும் அந்தப் புனிதையின் பரிந்துரையால் பெற்று வாழ்வோமாக!