வலிப்பு நோய்க்குக் கத்தி எடுத்த வேலூர் வைத்தியர்: டொக்டர் ஜேக்கப் சாண்டியும் நினைவாற்றல் தந்த பாடமும்

காக்கை வலிப்பு என்று எமது மக்கள் சொல்லும் நோய்க்குப் பழந்தமிழில் முயலகன் என்றொரு பெயர் உண்டு. நடராசப் பெருமானின் திருவடியின் கீழ்க் கிடக்கும் உருவத்தின் பெயரும் அதுவே. கொல்லி மழவன் மகளைப் பீடித்திருந்த முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறுகின்றது. திருக்கோணமலையைப் பாடிய அதே சம்பந்தர்தான் அவர். வடமொழி வைத்திய நூல்கள் இந்நோயை அபஸ்மாரம் என்றன. நினைவு அகன்று போதல் என்பது அச்சொல்லின் பொருள். மருத்துவப் பேரறிஞர் இப்னு சீனாவோ தமது பெருநூலில் இதனை மூளையின் நோய்களுள் ஒன்றாக வைத்தே ஆராய்ந்தார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாறு எழுதப்பட்டிருந்தும், வலிப்பு வந்த பிள்ளையைப் பேய் பிடித்த பிள்ளை என்றும், ஜின் தீண்டிய பிள்ளை என்றும் ஒதுக்கும் வழக்கம் எமது கிராமங்களை விட்டு முற்றாக அகலவில்லை. ஈச்சிலம்பற்றில் அச்சரக்கூடு கட்டுவதும் மூதூரிலும் தோப்பூரிலும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் நாம் அறியாதவை அல்ல. எவரது நம்பிக்கையையும் குறை கூறுவது எமது நோக்கமன்று. நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குத் தமது வாழ்வையே சான்றாக விட்டுச் சென்ற ஒருவரைப் பற்றியே இங்கு நாம் எழுதுகின்றோம்.

டொக்டர் ஜேக்கப் சாண்டி 1910 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆம் திகதி கேரளத்தின் கோட்டயத்தில் ஒரு கிறிஸ்தவக் குருவானவரின் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று வைத்தியரான அவர், கடல் கடந்து பஹ்ரைன் சென்று அங்கு அமெரிக்கத் திருச்சபையினர் நடத்திய வைத்தியசாலையில் பணியாற்றினார். அராபிய மக்களுக்கு வைத்தியம் செய்வதிலேயே தமது வாழ்நாளைக் கழித்த டொக்டர் போல் ஹரிசன் அங்கு அவருக்கு மூத்தவராக வாய்த்தார். நரம்பு நோய்களில் சாண்டிக்கு நாட்டம் பிறந்தது அந்த வளைகுடாத் தீவில்தான் எனலாம்.

1944 இல் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், பின்னர் கனடாவின் மொன்றியல் நகரை அடைந்தார். அங்கே வைல்டர் பென்பீல்ட் 1934 இல் தொடக்கி வைத்த நரம்பியல் நிறுவனம் அன்றைய உலகின் தலைசிறந்த வலிப்பு நோய்ச் சிகிச்சைக்கூடமாக விளங்கியது. நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தாமல், தலையின் மேற்புறத்தை மட்டும் மரக்கச் செய்து, மூளையின் ஒவ்வோரிடத்தையும் மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுப் பார்ப்பது பென்பீல்டின் முறை. எந்த இடம் கையை அசைக்கின்றது, எந்த இடம் பேச்சை நிறுத்துகின்றது என்று நோயாளியிடமே கேட்டறிந்த பின்னர்தான் வலிப்புக்குக் காரணமான பகுதியை அவர் வெட்டியெடுப்பார். வெட்டக் கூடாத இடம் எது என்பதை முதலில் கண்டுகொள்வதே இம்முறையின் உயிர்நாடி. ஜேக்கப் சாண்டி கற்று வந்ததும் இதுவே.

அக்காலத்தில் மொன்றியலில் பெரிதும் ஆராயப்பட்டது, காதுக்கு மேலே, கன்னப்பொறிக்கு உட்புறமாக அமைந்துள்ள கடைநுதற்சோணை என்னும் மூளைப் பகுதியாகும். இங்கு தோன்றும் வலிப்பு, கைகால் உதறி விழும் வலிப்பைப் போன்றதன்று. வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவது போன்ற உணர்வு தோன்றும். நடப்பதெல்லாம் முன்னரே நடந்தது போலிருக்கும். பின்னர் நோயாளி வெறித்துப் பார்ப்பார்; வாயை மெல்லுவார்; உடுத்த துணியைப் பிசைவார்; கூப்பிட்டாலும் பதில் வராது. ஓரிரு நிமிடங்களில் தெளிந்ததும் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பார்த்து நிற்பவர்கள் இதனைப் பேயென்றும் ஜின்னென்றும் எண்ணி அஞ்சுவது வியப்பன்று. குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு நீண்ட நேரம் வந்த வலிப்பு இப்பகுதியில் விட்டுச் சென்ற தழும்பு, பல ஆண்டுகளின் பின்னர் இவ்வாறு வெளிப்படுவதும் உண்டு.

மொன்றியலின் பின்னர் சிக்காகோவிலும் பயிற்சி பெற்ற சாண்டி மேலைநாட்டிலேயே தங்கியிருக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அன்றைய அதிபரும் தொழுநோய் நிபுணருமான ரொபர்ட் கொக்ரேன் விடுத்த அழைப்பை ஏற்று அவர் தாயகம் திரும்பினார். 1949 ஆம் ஆண்டு இந்தியாவின் முதலாவது நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு வேலூரில் அவரால் தொடக்கப்பட்டது. கத்தியோடு தமது வேலை முடிந்ததாக அவர் கருதவில்லை. நரம்பியல் வைத்தியரும், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்பவரும், நோயுற்ற இழையத்தை நுணுக்குக்காட்டியில் ஆராய்பவரும் ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்ற வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1951 இல் சென்னையின் பி. இராமமூர்த்தி, எஸ்.ரி. நரசிம்மன், நரம்பியல் வைத்தியர் பல்தேவ் சிங் ஆகியோருடன் இணைந்து இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினார்.

1952 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி வேலூரில் ஓர் இளைஞருக்கு அவர் சத்திரசிகிச்சை செய்தார். 19 வயதான அவ்விளைஞரின் வலப்பக்கக் கைகால்கள் குழந்தைப் பருவத்திலேயே வலுவிழந்து போயிருந்தன. வலிப்பும் சேர்ந்து வாட்டியது. வலிப்பு நோயைத் தீர்ப்பதற்கென இந்தியாவில் நடைபெற்ற முதலாவது சத்திரசிகிச்சை இதுவெனப் பதிவாகியுள்ளது.

சாண்டி வேலூரில் இவ்வாறு வேர்விட்டுக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் பயின்ற மொன்றியலில் எவரும் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. கடைநுதற்சோணையின் இடப்பக்கத்தில் சத்திரசிகிச்சை பெற்ற இருவர், ஒருவர் பொறியியலாளர், மற்றவர் கையுறை வெட்டும் தொழிலாளி, புதிதாக எதையும் நினைவில் வைத்திருக்க இயலாதவர்களாயினர். அறிவும் பேச்சும் குன்றவில்லை. சற்று முன் நடந்தது மட்டும் நிலைக்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவர்களைப் பொறுமையோடு சோதித்தார். மறுபக்கத்திலும் வெளியே தெரியாத பழுது முன்னரே இருந்திருக்க வேண்டும் என்று அவரும் பென்பீல்டும் கருதினர். பொறியியலாளர் பல ஆண்டுகளின் பின்னர் இறந்தபோது நடந்த பரிசோதனை அக்கருத்து சரியென்று காட்டியது.

1955 இல் சிக்காகோ மாநாடொன்றில் இவ்விருவர் பற்றிக் கூறப்படவிருந்ததை அறிந்த அமெரிக்க வைத்தியர் வில்லியம் ஸ்கொவில், தம்மிடமும் அத்தகைய நோயாளி ஒருவர் உள்ளதாகத் தெரிவித்தார். ஹென்றி மொலெய்சன் என்ற அந்த 27 வயது இளைஞருக்கு 1953 இல் இருபக்கக் கடைநுதற்சோணைகளின் உட்பகுதியையும் ஸ்கொவில் அகற்றியிருந்தார். கடற்குதிரையின் வடிவை ஒத்ததால் ஹிப்போகம்பஸ் எனப் பெயர் பெற்ற பகுதியின் பெரும்பங்கு அதில் போய்விட்டது. வலிப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் 2008 இல் தமது 82 ஆவது வயதில் இறக்கும் வரை, அன்றாடம் நடந்தவற்றை அவர் நினைவிற்கொள்ள இயலவில்லை. இளமைக்கால நினைவுகள் எஞ்சியிருந்தன. கைத்திறன் ஒன்றைப் பழக்கினால் கை கற்றுக்கொண்டது. கற்றோம் என்பதே மனத்தில் தங்கவில்லை. ஸ்கொவிலும் மில்னரும் 1957 இல் இதனை ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டனர். இருபக்கத்திலும் வெட்டலாகாது என்பது அன்றிலிருந்து உலகெங்கும் விதியாயிற்று.

இன்று ஒரு பக்கத்தில் மட்டுமே, அதுவும் மறுபக்கம் நலமாயுள்ளதா என்று உறுதிசெய்த பின்னரே, இச்சிகிச்சை நடைபெறுகின்றது. யப்பானியரான ஜூன் வாடா கண்ட முறைப்படி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் உறங்கச் செய்து, மறுபாதியின் பேச்சையும் நினைவையும் சோதிப்பது அதற்கான வழிகளுள் ஒன்றாயிற்று. எம்.ஆர்.ஐ. படமும் நினைவாற்றல் பரீட்சைகளும் இக்காலத்தில் அதற்குத் துணை நிற்கின்றன.

பயனும் விலையும் அளக்கப்பட்டுள்ளன. கனடாவில் 80 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2001 இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் முடிவில் உணர்வை மறைக்கும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தோர், சத்திரசிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 58 பேர். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 8 பேர். மறுபுறத்தில், பல ஆய்வுகளைத் தொகுத்து 2011 இல் வெளியான கணிப்பின்படி, சொற்களை நினைவிற்கொள்ளும் ஆற்றல் குறைவது இடப்பக்கச் சிகிச்சையில் நூற்றுக்கு 44 பேருக்கு, வலப்பக்கத்தில் 20 பேருக்கு. வலிப்பு நீங்குவது பெரும் விடுதலை. ஆயினும் பாடம் சொல்லும் ஆசிரியருக்கோ, குர்ஆனை மனனம் செய்யும் மாணவனுக்கோ, தேவாரம் ஓதும் ஓதுவாருக்கோ நினைவின் விலை ஒன்றாகாது. நோயாளியும் குடும்பத்தினரும் அதனை முன்கூட்டியே கேட்டறிய உரிமையுடையவர்கள். வைத்தியர் சொல்லக் கடமைப்பட்டவர்.

டொக்டர் சாண்டியின் பிற்கால வாழ்வு ஆசிரியராகவே கழிந்தது. நரம்பியல் சத்திரசிகிச்சைக்கான இந்தியாவின் முதலாவது பயிற்சித் திட்டத்தை அவர் வேலூரில் தொடக்கினார். கல்லூரியின் அதிபராகவும் பணியாற்றினார். 1964 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1970 இல் ஓய்வு பெற்ற அவர் 2007 ஜூன் 23 ஆம் திகதி, 97 ஆவது வயதில் காலமானார். இடைக்காலத்தில் இந்தியாவில் தளர்ந்திருந்த வலிப்புச் சத்திரசிகிச்சை, 1995 இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் கடைநுதற்சோணைச் சிகிச்சையைத் தொடக்கியதோடு மீண்டும் தழைத்தது. சாண்டி வலியுறுத்திய கூட்டுப்பணியே அங்கும் அடித்தளம்.

இவையெல்லாம் வெருகலாற்றங்கரை மக்களுக்கு எட்டாத செய்தி என்று எண்ணலாகாது. 2011 இல் பாலங்கள் திறக்கப்படும் வரை பாதையில் ஏறி நீர்நிலைகளைக் கடந்து வைத்தியசாலை தேடியவர்கள் அவர்கள். 2006 இல் ஈச்சிலம்பற்றுத் தமிழரும் மூதூர் முஸ்லிம்களும் கையிற் கிடைத்ததோடு இடம்பெயர்ந்தபோது, வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர் ஒருவருக்கு ஒரு வாரம் மருந்து தவறினாலே என்ன நேரும் என்பதை வைத்தியர்கள் அறிவர். திடீரென மருந்தை நிறுத்துவது கடும் வலிப்பை வரவழைக்கும். களப்பில் வலை வீசுபவருக்கும், கிணற்றடியில் நிற்கும் பெண்ணுக்கும், அடுப்படியில் இருக்கும் தாய்க்கும் ஒரு நிமிட வலிப்பே உயிராபத்து.

வலிப்பு நோயாளர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை உரிய மருந்தாலேயே வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எமது நாட்டு அரச வைத்தியசாலைகளில் அம்மருந்து இலவசம். தக்க மருந்துகள் இரண்டை முறையாக எடுத்தும் வலிப்பு அடங்காதவர்களே சத்திரசிகிச்சைக்கு ஏற்றவரா என்று ஆராயப்பட வேண்டியவர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியுடன் அமைக்கப்பட்ட வலிப்பு நோய் நிலையம் அத்தகையோர் நாடக்கூடிய இடமாகும்.

ஆனால் கொழும்புக்குச் செல்லும் வழி ஈச்சிலம்பற்று வைத்தியசாலையின் வாசலிலேயே தொடங்குகின்றது. பெண்பிள்ளையின் கலியாணம் தடைப்படும் என்று நோயை மறைக்கும் வீட்டிலிருந்து எந்த நோயாளியும் அவ்வாசலை அடையப் போவதில்லை. வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிப்பதையும் வாயில் எதையேனும் செருகுவதையும் விட்டு, ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, 5 நிமிடங்களைக் கடந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதைக் கோயிலிலும் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் சொல்ல வேண்டும். இச்செய்தியை ஆலய அறங்காவலரும் கதீப்மாரும் சொன்னால், பத்திரிகை சொல்வதைவிட விரைவாக மக்கள் கேட்பர். குருவானவர் குடும்பத்தில் பிறந்து, அராபிய முஸ்லிம்களுக்கு வைத்தியம் பார்த்து, வேலூரில் எல்லா மதத்தவரின் மூளைநோயையும் தீர்க்க முயன்ற ஜேக்கப் சாண்டியின் வாழ்வு எமக்கு விட்டுச் செல்லும் கடமையும் அதுவேயாகும்.