தொட்டாற்சுருங்கிக்கு நரம்பு தேடியவர்
ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை

தொட்டாற்சுருங்கியைத் தெரியாத சிறுவர் உண்டா? தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் போன்ற ஏரியுள்ள ஊர்களில் கரையோரமாக அது படர்ந்து கிடக்கும். ஓர் இலையைத் தொட்டால் போதும். வரிசையாக எல்லா இலைகளும் கைகூப்பிக் கொள்ளும். காம்பும் தொங்கிவிடும். கொஞ்ச நேரம் காத்திருந்தால் மறுபடியும் விரியும்.

சிறுவர்களுக்கு அது விளையாட்டு. ஆனால் வங்காளத்தில் பிறந்த ஒருவர் அதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். தொட்டது ஓர் இலையை. அந்தச் செய்தி அடுத்த இலைக்கு எப்படிப் போயிற்று? நம் உடம்பில் நரம்பு செய்தி கொண்டுபோவது போல, செடிக்குள்ளும் ஏதாவது ஓடுகிறதா?

இந்தக் கேள்விக்காக அவர் வாழ்நாளில் பாதியைச் செலவிட்டார். சீமையில் பெரிய பெரிய விஞ்ஞானிகளோடு மோதினார். அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

மீனவர் மகனோடு ஒரே பெஞ்சில்

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஜகதீசர் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் பரீத்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷ் பள்ளிக்குப் போவார்கள். ஆனால் பகவான் சந்திரர் தம் மகனை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினார். முதலில் தாய்மொழி படிக்கட்டும், ஊர் ஜனங்களோடு பழகட்டும் என்பது அவர் எண்ணம்.

பள்ளியில் ஜகதீசருக்கு ஒரு பக்கம் வீட்டுச் சேவகரின் மகன். அவன் முஸ்லிம். இன்னொரு பக்கம் மீனவர் மகன். ஆற்றில் உள்ள மீன்கள், பறவைகள், பிராணிகள் பற்றி அவர்கள் சொல்லும் கதைகளை ஜகதீசர் வாயைப் பிளந்து கேட்பார். அவர்கள் வீட்டுக்கு வந்தால், தாயார் ஜாதி வித்தியாசம் பாராமல் எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்.

அவரைத் தோளில் தூக்கிப் பள்ளிக்குக் கொண்டுபோனவர் யார் தெரியுமா? ஒரு பழைய கொள்ளைக்காரர்! பகவான் சந்திரரே அவருக்குத் தண்டனை கொடுத்துச் சிறைக்கு அனுப்பியவர். விடுதலையாகி வந்து, பிழைக்க வழியில்லை என்றார். வேறு யார் வேலை கொடுப்பார்கள்? மாஜிஸ்திரேட் தம் வீட்டிலேயே வேலை கொடுத்துவிட்டார்.

வைத்தியம் படிக்கப் போனார்

பிறகு ஜகதீசர் கல்கத்தாவுக்கு வந்தார். செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தார். அங்கே லபோன் என்ற பாதிரியார் பௌதிகப் பாடம் நடத்தினார். புத்தகத்தை வாசித்துக் காட்டுவதோடு நிற்கமாட்டார். கருவிகளை மேஜைமேல் வைத்துச் செய்து காட்டுவார்.

பட்டம் வாங்கியதும் ஐ.சி.எஸ். எழுத ஜகதீசருக்கு ஆசை. தந்தை சம்மதிக்கவில்லை. தாம் செய்த வேலையை மகன் செய்ய வேண்டாம், கல்விமானாக வரட்டும் என்றார். அப்போது குடும்பத்தில் கடன் வேறு. தாயாருக்கோ, ஏற்கெனவே ஒரு மகனைப் பறிகொடுத்த துயரம். இருக்கும் பிள்ளையையும் கடல் கடந்து அனுப்ப மனம் வரவில்லை. கடைசியில் அந்த அம்மாள்தான் மனத்தைத் தேற்றிக்கொண்டு, நகைகளை விற்றாவது அனுப்பலாம் என்று முன்வந்தார்.

1880-ல் ஜகதீசர் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். வைத்தியம் படிக்கத் தொடங்கினார். ஆனால் அஸ்ஸாம் பக்கம் போனபோது பிடித்த காய்ச்சல் அவரை விடவில்லை. பிணத்தை அறுத்துப் பாடம் படிக்கும் அறையின் நெடி காய்ச்சலை அதிகமாக்கியது. ஒரு வருஷத்தில் வைத்தியப் படிப்பைக் கைவிட நேர்ந்தது.

எல்லா வகுப்பிலும் ஒரு மாணவர்

1882-ல் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். இயற்கை விஞ்ஞானம் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. அங்கே எந்த எந்தப் பாடத்தை எடுப்பது என்பது மாணவரின் விருப்பம்.

ஜகதீசருக்கு எதை விடுவது என்று தெரியவில்லை. முதல் வருஷம் கண்ட வகுப்புகளில் எல்லாம் போய் உட்கார்ந்தார். பௌதிகம் நடத்தியவர் லார்டு ரேலி. உடல் இயங்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தவர் மைக்கேல் ஃபாஸ்டர். தாவரப் பாடம் வைன்ஸ் என்பவருடையது. செடிகள் எப்படி அசைகின்றன என்று சொன்னவர் பிரான்சிஸ் டார்வின். பரிணாமத் தத்துவம் சொன்ன சார்லஸ் டார்வினின் மகன். கருவியல் வகுப்புக்கும் போனார், பூகர்ப்ப சாஸ்திர வகுப்புக்கும் போனார்.

இப்போது கேட்டால், கவனம் சிதறுகிறது என்று எந்தத் தகப்பனாரும் கவலைப்படுவார். இரண்டாம் வருஷத்தில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். பௌதிகம், ரசாயனம், தாவர சாஸ்திரம் மூன்றையும் எடுத்துப் பரீட்சை எழுதி, 1884-ல் தேறினார்.

இக்காலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு விருப்பப் பாடம் என்று சில பாடங்களைக் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மூளையையும் நரம்பையும் பற்றிப் படிக்கிற மாணவர் பிராணிகளின் நடத்தையையும் படிக்கலாம், மின்சாரத்தையும் படிக்கலாம். மதிப்பெண் எதில் சுலபமாகக் கிடைக்கும் என்று பார்த்து எடுப்பவர்களே அதிகம். போஸ் எடுத்த பாடங்கள் அவருக்கு எப்போது உதவின? இருபது வருஷம் கழித்துத்தான்!

சம்பளம் வாங்காத ஆசிரியர்

1885-ல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் போஸுக்கு வேலை கிடைத்தது. வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் வேலை தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. அதாவது மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை ஏற்றார். சம்பளத்தை ஏற்க மறுத்தார். மூன்று வருஷம் ஒரு காசுகூட வாங்காமல் பாடம் நடத்தினார். வீட்டில் கடன் இருக்கும்போது செய்த காரியம் இது. கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. பழைய நாளிலிருந்து முழுச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்க உதவியது.

இதற்கு நடுவே 1887-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் அபலா தாஸ். அந்த அம்மாள் நம் சென்னையில் வைத்தியம் படித்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. ஆகவே 1882-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். உடம்பு சரியில்லாமல் படிப்பை முடிக்க முடியாமல் போயிற்று. சீமையிலே கணவருக்கு நேர்ந்ததும் அதுதானே!

களைத்துப் போன தகடு

கல்லூரியில் ஆராய்ச்சிக்கு வசதி இல்லை. ஒரு சிறிய அறை. உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவர் உதவி. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு போஸ் கண்ணுக்குத் தெரியாத மின் அலைகளை உண்டாக்கினார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில், சுவருக்கு அப்பால் அலையை அனுப்பி மணியடிக்க வைத்தார், வெடிமருந்தைக் கொளுத்தினார். ஊரே அதிசயித்தது.

அந்த அலையைப் பிடிக்கும் உலோகக் கருவியில்தான் ஒரு விசித்திரத்தைக் கண்டார். தொடர்ந்து வேலை வாங்கினால் கருவி மந்தமாகிவிடும். சற்று ஓய்வு கொடுத்தால் பழையபடி வேலை செய்யும். உலோகத்துக்குக் களைப்பா?

வேறு பௌதிகப் பேராசிரியராக இருந்தால் கருவியைத் திட்டிவிட்டு வேறு கருவி செய்திருப்பார். போஸ் ஃபாஸ்டரின் வகுப்பில் உட்கார்ந்தவர். தசை களைப்பதையும் தேறுவதையும் கோடாக வரைந்து காட்டும் படங்களைப் படித்தவர். உலோகத்தின் கோடும் தசையின் கோடும் ஒன்றுபோல இருப்பதை உடனே கண்டுகொண்டார். இரண்டுக்கும் நடுவே நிற்கும் செடி என்ன செய்யும் என்று அடுத்தபடியாகப் பார்த்தார். இலை, காம்பு, வேர் எதைத் தூண்டினாலும் மெல்லிய மின்சாரம் தோன்றி மறைந்தது. தொட்டாற்சுருங்கியில் மட்டுமல்ல. சாதாரணக் காய்கறிகளிலும்கூட!

லண்டனில் மோதல்

1901-ல் போஸ் லண்டனில் இருந்தார். ஒரு நாள் பழைய ஆசிரியர் ஃபாஸ்டர் வந்தார். போஸ் ஒரு கோட்டைக் காட்டினார். இது தசையின் கோடு, அரை நூற்றாண்டாகத் தெரிந்ததுதானே, இதில் என்ன புதுமை என்று ஃபாஸ்டர் கேட்டார். அது தசை அல்ல, வெறும் தகரம் என்றார் போஸ். பெரியவர் திகைத்துப் போனார். உடனே ராயல் சொசைட்டியில் இதைச் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தினார்.

ஜூன் 6-ந் தேதி ராயல் சொசைட்டியில் போஸ் தம் கட்டுரையைப் படித்தார். அந்தச் சபையில் பர்டன் சாண்டர்சன் இருந்தார். உடலியலில் அவர் வைத்ததுதான் சட்டம். அவரும் 1873-ல் பூச்சி பிடிக்கும் செடி ஒன்றில் மின்சாரத்தைக் கண்டவர்தான். ஆனால் சாதாரணச் செடிகளில் அது இருக்கவே முடியாது என்பது அவர் கட்சி. பௌதிகத்தில் பெயர் வாங்கியவர் பௌதிகத்தோடு நிற்பதே நல்லது என்றார். கட்டுரையின் தலைப்பை மாற்றச் சொன்னார். போஸ் ஒரு சொல்லையும் மாற்ற மறுத்துவிட்டார். கட்டுரை அச்சேறவில்லை, பெட்டிக்குள் போயிற்று.

அப்போது கைகொடுத்தவர்கள் யார்? பௌதிக ஆசிரியர் ரேலி, ராயல் கழகத்தின் ஆராய்ச்சிசாலையில் வேலை செய்ய இடம் வாங்கிக் கொடுத்தார். தாவர ஆசிரியர் வைன்ஸ் அப்போது லின்னேயன் சபைக்குத் தலைவர். அவர் நேரில் வந்து பரிசோதனைகளைப் பார்த்தார். தம் சபையில் பேச அழைத்தார். 1902-ல் அங்கே போஸ் செய்து காட்டினார். எதிர்த்துப் பேச ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன் அவர் போய் உட்கார்ந்த மூன்று வகுப்புகளின் ஆசிரியர்களும் இப்படி அவருக்குத் துணை நின்றார்கள்.

அந்த ஆராய்ச்சிகளைப் புத்தகமாக எழுத உதவியவர் சகோதரி நிவேதிதா. நம் பாரதியார் குருவாகக் கொண்டாரே, அதே அம்மையார்தான்.

செடியே எழுதிய கையெழுத்து

பிறகு போஸ் புதுப்புதுக் கருவிகளைச் செய்தார். செடி தன் அசைவைத் தானே கண்ணாடித் தகட்டில் எழுதும்படி ஒன்று. செடி வளர்வதைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்ட ஒன்று. அதன் பெயர் கிரெஸ்கோகிராப். நத்தையைவிட மெதுவாக வளரும் செடி, அந்தக் கருவியில் கண்ணெதிரே வளர்ந்தது. 1914-ல் தொட்டாற்சுருங்கியையும், தானே இலையாட்டும் தொழுகண்ணியையும் எடுத்துக்கொண்டு சீமைக்குப் போய் வந்தார். மயக்க மருந்து கொடுத்தால் செடி மயங்குவதையும் தெளிவதையும் காட்டினார்.

தொட்டாற்சுருங்கியின் காம்படியில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. தூண்டுதல் வந்ததும் அங்கே உள்ள அணுக்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. காம்பு தொய்கிறது. தூண்டுதலைக் கொண்டு வருவதில் மின்சாரத்துக்குப் பங்கு உண்டு, அது தண்டுக்குள் உணவு செல்லும் திசு வழியாகப் போகிறது என்று போஸ் கண்டார். 1926-ல் செடிகளின் நரம்பு அமைப்பைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

அவர் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை. மரத்தில் நீர் ஏறுவதற்கு, இதயம் போலத் துடிக்கும் அணுக்கள் காரணம் என்றார். அது தவறு. இலைகளில் நீர் ஆவியாகும்போது கீழிருந்து நீர் இழுக்கப்படுகிறது. பிராணிகளுக்கு உள்ளது போன்ற நரம்பணுவும் செடிக்குக் கிடையாது. ஆனால் மின் செய்தி உண்மை. 2018-ல் விஞ்ஞானிகள் கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். புழு ஓர் இலையைக் கடித்தால், மறு இலைக்குச் செய்தி அலையாக ஓடுகிறது. அதைத் தொடங்கி வைக்கும் குளூட்டமேட் என்ற பொருள், நம் மூளையிலும் செய்தி சொல்லும் பொருளே. இதை நரம்பியல் என்று அழைக்கலாமா என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. 2006-ல் சிலர் தாவர நரம்பியல் என்று பெயர் வைத்தார்கள். மறு வருஷமே 36 விஞ்ஞானிகள் கூட்டாகக் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள்.

சுவர் இல்லாத கழகம்

1917 நவம்பர் 30-ந் தேதி, தம் 59-ஆவது பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஓர் ஆராய்ச்சிக் கழகத்தைத் திறந்தார். பௌதிகம் படித்தவரும் தாவரம் படித்தவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கிப் பணம் சேர்க்கக் கூடாது என்பதும் அங்கே விதி. அதே வருஷம் அவருக்கு சர் பட்டம் வந்தது. 1920-ல் ராயல் சொசைட்டியும் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1901-ல் அவர் கட்டுரையைப் பெட்டியில் போட்ட சபை அது!

1937-ஆம் ஆண்டு தாம்பரம் காட்டுக்குச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி குடிவந்தது. அதே வருஷம் நவம்பர் 23-ந் தேதி கிரிடி என்ற ஊரில் போஸ் காலமானார். இன்னும் ஏழு நாள் இருந்திருந்தால் 79 வயது நிறைந்திருக்கும்.

அவருக்குப் பிறகு அபலா போஸ் அம்மையார் 1951 வரை வாழ்ந்தார். வங்காளத்துக் கிராமங்களில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் திறப்பதிலேயே அவருடைய பிற்காலம் கழிந்தது.