13 பேருக்குப் பதில் 10 பேர்: ஆஸ்திரேலியாவை வீழ்த்திய கேப்டன் ஹெரால்ட் வாக்ஸ்டாஃப் யார்?

ரக்பி லீக் என்றால் நம்மில் பலருக்கும் சட்டென எதுவும் நினைவுக்கு வராது. கபடி பார்ப்பவரா நீங்கள்? அப்படியானால் இதன் பாதி உங்களுக்குப் புரிந்த மாதிரிதான். பந்தோடு ஓடி வருபவரை மடக்கிக் கீழே சாய்க்க வேண்டும். ஓர் அணிக்கு 13 பேர்.

இந்த ஆட்டம் பிறந்ததே சம்பளப் பிரச்னையில்தான். வடக்கு இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் சனிக்கிழமை விளையாடப் போனால் அன்றைய கூலி போச்சு. அதை ஈடுகட்டப் பணம் கேட்டார்கள்; ரக்பி சங்கம் மறுத்துவிட்டது. 1895ல் ஹடர்ஸ்ஃபீல்டு நகர ஹோட்டல் ஒன்றில் கூடிய வடக்கத்திய கிளப்புகள் தனியாகப் பிரிந்தன.

அந்த ஊருக்குப் பக்கத்தில் ஹோம்ஃபர்த்தில் 1891ல் பிறந்தவர் வாக்ஸ்டாஃப். 1906ல் ஹடர்ஸ்ஃபீல்டு கிளப் அவரை ஐந்து தங்கக் காசு கொடுத்துச் சேர்த்தது. வயசு என்ன தெரியுமா? 15தான். 17 வயதில் இங்கிலாந்து அணியில் இடம்.

1914ல் ஆஸ்திரேலியா சென்ற பிரிட்டன் அணிக்கு அவர்தான் கேப்டன். முதல் டெஸ்ட் ஜூன் 27, இரண்டாவது ஜூன் 29, மூன்றாவது ஜூலை 4. எட்டு நாளில் மூன்று டெஸ்ட்! பாதிப் பேர் காயத்தில் கிடக்க, மேலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆடியே தீர வேண்டும் என்று இங்கிலாந்திலிருந்து தந்தி வந்தது. உத்தரவு போட்டவர்கள் களத்தில் இறங்கப் போவதில்லையே.

தொடர் 1-1 சமநிலை. சிட்னியில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஃபிராங்க் வில்லியம்ஸுக்குக் காலில் அடி. டக்ளஸ் கிளார்க்குக்கு முதலில் கட்டைவிரல் முறிந்தது, பிறகு காரை எலும்பு. பில்லி ஹால் தலையில் அடிபட்டு வெளியே தூக்கிச் செல்லப்பட்டார். மாற்று ஆட்டக்காரர் என்ற வழக்கமே அன்று கிடையாது. மிச்சம் 10 பேர்.

இந்த நிலையில் முன்னிலையைக் காப்பாற்றத் தற்காப்பில் ஒடுங்குவதுதானே வழக்கம்? வாக்ஸ்டாஃப் தடுப்பதோடு நிற்கவில்லை. எதிரணியை ஊடுருவிப் போய், ஆளில்லாததால் விங்கில் நிறுத்தப்பட்டிருந்த முன்கள வீரர் ஜான்சனிடம் பந்தைத் தந்தார். அவரோ அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடாமல் தரையில் போட்டு, காலாலேயே தட்டித் தட்டிக் கோட்டைத் தாண்டினார். முடிவில் 14-6. தொடர் பிரிட்டனுக்கு. 1879ல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் சிறுபடை ஒன்று ஜூலுக்களின் பெரும்படையை எதிர்த்து நின்ற இடத்தின் பெயரால், ‘ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட்’ என்றே இந்த ஆட்டத்தை இன்றும் அழைக்கிறார்கள்.

ஒரு மாதத்தில் முதல் உலகப்போர் வெடித்தது. ஆனாலும் 1914-15 சீசனில் வாக்ஸ்டாஃப் தலைமையில் ஹடர்ஸ்ஃபீல்டு நான்கு கோப்பைகளையும் வாரிக்கொண்டது. அதற்குப் பின் போட்டிகள் நிறுத்தப்பட்டன. அவர் ராணுவத்தில் சேர்ந்தார். ஒரு வீரரின் உச்ச வயது என்று நாம் சொல்லும் 24 முதல் 27 வரை போருக்கே போய்விட்டது.

1920ல் மறுபடியும் கேப்டனாக ஆஸ்திரேலியா போனார். இந்த முறை தொடர் கைநழுவியது. 1925ல் ஓய்வு. 1939 ஜூலையில், அடுத்த உலகப்போர் தொடங்க ஆறு வாரம் இருந்தபோது, 48 வயதில் இறந்தார். பிரிட்டனில் ரக்பி லீக் புகழரங்கம் 1988ல் திறக்கப்பட்டபோது முதலில் சேர்க்கப்பட்ட ஒன்பது பேரில் அவரும் ஒருவர்.