விண்ணுக்கு அளவுகோல் தந்த சந்திரசேகர்

தமிழ்க்குடியிற் பிறந்து வானியலில் உலகப் புகழெய்திய சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரிற் பிறந்தார். சர் சி. வி. இராமனுக்குத் தமையன் மகன். திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். இந்துக் கல்லூரி மாணவராகிய நமக்கு முன்னைய பெயர் சற்று உவப்பளிப்பது இயல்பே.

1930இல், நோயுற்றிருந்த அன்னையே ஊக்கி அனுப்ப, பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே அன்னை மறைந்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீன் தாங்கக்கூடிய திணிவுக்கு எல்லை உண்டென்பதைக் கப்பலிலேயே கணித்தார். அவ்வெல்லை ஏறத்தாழ 1.4 சூரியத் திணிவு.

1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டன் அரச வானியற் கழகத்தில் அதனை எடுத்துரைத்தார். அடுத்தெழுந்த எடிங்டன் அதனை நகையாடினார். 1919இற் சூரிய கிரகணத்தை ஆராய்ந்து ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தந்த பேரறிஞர் அவர். அவை அவர் பக்கமே நின்றது. தனியே உடன்பட்ட பௌதிக அறிஞர்கள் பொதுவில் வாய் திறந்திலர். இம்மௌனத்தையே நாம் பெருங்குறையெனக் கொள்வோம். சந்திரசேகரோ பகை பாராட்டாது 1937இற் சிக்காகோ சர்வகலாசாலை சென்று வேறு துறைகளிலும் உழைத்தார். நோபல் பரிசு 1983இல் வந்தது. 1995 ஆகஸ்ட் 21இற் காலமானார்.

அவ்வெல்லையின் பெரும்பயன் பின்னரே வெளிப்பட்டது. இரவிற் பதுளையிலிருந்து நமுனுக்குலைச் சரிவை நோக்கின், தோட்டத்து லயங்களின் விளக்குகள் தெரியும். எல்லாம் ஒரே வலுவுடையனவாயின் மங்கியது தொலைவிலுள்ளது என்போம். அவ்வெல்லையை அணுகி வெடிக்கும் வெண்குள்ளர் ஏறக்குறைய ஒரே வலுவுள்ள விளக்குகளாவர். 1998இல் இரு குழுவினர் அவற்றை அளந்தபோது, எதிர்பார்த்ததினும் மங்கலாயிருந்தன. அண்டம் விரைந்து விரைந்து விரிகின்றது என்பது அதனால் அறியப்பட்டது.

ஏன் விரைகின்றது? இழைக் கொள்கையினர் வெளியும் காலமும் சேர்ந்து பத்துப் பரிமாணங்கள் என்பர். கொழுந்து மூட்டைகள் இறங்கும் இரும்புக் கம்பி தொலைவிற் கோடாகத் தோன்றும். அதில் ஊரும் எறும்பே அதன் சுற்றளவை அறியும். அவ்வாறே ஆறு பரிமாணங்கள் நமக்குத் தெரியாது சுருண்டுள்ளனவாம். அவற்றின் அளவும் வடிவும் நிலைபெறும் வகையில் எஞ்சும் சக்தியே வெளியை உந்துகின்றதென்று 2003இல் நால்வர் ஒரு வழி காட்டினர். அவர்களுள் ஒருவர் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்துச் சந்தீப் திரிவேதி. அதனை ஐயுறுவாரும் பலர். வழக்கு இன்னும் தீரவில்லை.