வன்றொண்டரும் திருப்பாட்டும்

சைவத் திருமுறைகளுள் ஏழாவதாக விளங்கும் சுந்தரமூர்த்தி நாயனார் பதிகங்களுக்குத் திருப்பாட்டு என்பது பெயர். சம்பந்தர் அருளியவை திருக்கடைக்காப்பு எனவும், நாவுக்கரசர் அருளியவை தேவாரம் எனவும் வழங்கப்பெற்றன. பின்னர் மூவர் பாடல்களுக்கும் பொதுப்பெயராகிவிட்ட தேவாரம் என்னும் சொல்லைத் தே + ஆரம் எனப் பிரித்து இறைவனுக்குச் சூட்டும் மாலை என்பாரும், தே + வாரம் எனப் பிரித்து இறைவன்பால் கொண்ட அன்பு என்பாரும் உளர். சோழர் கல்வெட்டுகளிலோ அச்சொல் வழிபாட்டையே சுட்டுகிறது. பாடல்களுக்கு அங்கே திருப்பதியம் என்பதே பெயர். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் அமர்த்தினான். அவர்தம் பணியைக் கல்வெட்டு பாடுதல் என்னாது, விண்ணப்பம் செய்தல் என்றே குறிக்கிறது. இவ்வளவு பெயர்களுக்கிடையே பாட்டு என்னும் எளிய தமிழ்ச்சொல் எவ்வாறு இறைவழிபாட்டின் பெயராக உயர்ந்தது? அதற்கு அகராதியைவிடச் சுந்தரர் வரலாறே நல்ல உரை.

அவர் காலம் எட்டாம் நூற்றாண்டு என்பர் பலர். ஒன்பதாம் நூற்றாண்டுக்குக் கொண்டு செல்வாரும் உளர். திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகவாய்ப் பிறந்து, நரசிங்கமுனையரையரின் அரண்மனையில் வளர்ந்தார் நம்பியாரூரர். புத்தூரில் மணப்பந்தலுக்குள் புகுந்த முதியவர் ஒருவர், ஆரூரர் தமக்கு வழிவழி அடிமை என ஓலை காட்டி வழக்காடினார். பித்தர் என அவரை ஏசினார் மணமகன். வழக்கு திருவெண்ணெய்நல்லூரில் முடிந்து, முதியவர் இறைவனே எனத் தெளிந்தபின், தமக்குரிய அருச்சனை பாட்டுத்தான் என்றும், ஏசிய அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுக என்றும் இறைவன் பணித்ததாகச் சேக்கிழார் கூறுவார். வன்மை பேசியமையால் வன்றொண்டர் என்னும் பெயரும் அப்போது வாய்த்தது. பூவால் செய்யும் அருச்சனையின் இடத்தில் பாட்டு வந்தமர்ந்தது இங்கேதான். வசைச்சொல்லும் அதற்கு விலக்கன்று என்பது கூர்ந்து நோக்கத் தக்கது.

திருவாரூரில் பரவையாரை மணந்ததும், அடியார் வரிசையைத் திருத்தொண்டத் தொகையாகப் பாடியதும் யாவரும் அறிந்தவை. அப்பணுவல் இல்லையேல் பெரியபுராணம் இல்லை. பாட்டின் பொருள் கடுஞ்சோதனைக்கு உள்ளானதோ தொண்டைநாட்டில். திருவொற்றியூரில் மகிழமரத்தடியில், பிரியேன் என்று சூளுரைத்துச் சங்கிலியாரை மணந்தார் நம்பி. ஆரூர் வசந்தவிழாவின் நினைவு மேலிட, சூளுறவை மறந்து ஊரெல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளியிழந்தன.

பார்வையற்ற அந்நிலையில் அவர் வந்தடைந்த தலம் வடதிருமுல்லைவாயில். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே இன்றும் மாசிலாமணீசுவரர் கோயிலாய் விளங்குவது அதுவே. சோழநாட்டில் கடற்கரையில் உள்ள திருமுல்லைவாயில் வேறு. அது சம்பந்தர் பாடல் பெற்றது. தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி சுற்றிப் பிணித்த தலக்கதையைச் சுந்தரரே தம் பதிகத்தில் குறிப்பிடுகிறார். கருவறை முன்னுள்ள எருக்கந்தூண்களும், இறைவனுக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி அமர்ந்த நந்தியும் காண்பாரை வியக்கச் செய்வன. நம்பியோ அவ்வெழில் எதனையும் அன்று காணவில்லை. மலர் கொய்யவும் திருமேனி நோக்கவும் கண் வேண்டும். பாட்டுக்கு நாவொன்றே போதும். சங்கிலியின் பொருட்டுத் தம் கண்ணைப் பறித்ததை மறைக்காது சொல்லி, துயர் களையுமாறு பாட்டுக்குப் பாட்டு வேண்டுகிறார். கல்வெட்டுக் கூறும் விண்ணப்பம் என்பதன் முழுப்பொருளும் இப்பதிகத்தில் உண்டு. ஆயினும் முல்லைவாயிலில் கண் கிடைக்கவில்லை. கிடைக்காத இடத்தும் பாட்டு நின்றுவிடவில்லை என்பதே இத்தலத்தின் சிறப்பு.

அடுத்துத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கிட்டிற்று. பழைய அவ்வூர் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. காஞ்சியில் இடக்கண் பெற்றார். வலக்கண் ஆரூரில் கிடைத்தது. அங்கே அவர் பாடியது வேண்டுகோள் அன்று, நேரான வழக்கே. அடியார் வருந்தி வாடும்போது வாளாவிருக்கும் நீர் வாழ்ந்துபோம் என இறைவனையே இடித்துரைக்கிறார். அப்பதிகத்தின் பண் செந்துருத்தி. மூவருள் வேறெவரும் கையாளாதது.

தம் பாடல்களை மாலை என்றும் தமிழ் என்றும் குறிக்கும் அவர், தமக்கு முற்பட்ட சம்பந்தரும் நாவுக்கரசரும் பாடியவற்றையும் தமிழ்மாலை என்றே போற்றினார். இன்று எஞ்சியவை 100 பதிகங்கள். தோழராகிய சேரமான் பெருமாளின் நாட்டில், திருவஞ்சைக்களத்தில், ஆடிச் சுவாதியன்று வெள்ளையானைமீது கயிலை சென்றார் என்பது வரலாறு. வயது 18 என்பர். வழியில் பாடிய இறுதிப் பதிகத்தையும் அவர் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. அஞ்சைக்களத்து அப்பருக்கு அதனை அறிவிக்குமாறு கடலரசனிடம் ஒப்படைத்துச் சென்றார்.