தீயுடன் பொருத பெருமகன்

போர்க்களத்தில் மாண்ட வீரனைப் போற்றாத தேசம் உலகில் இல்லை. பிறர் வீடு பற்றி எரிகையில் அதனுள்ளே புகுந்து உயிர்விட்டவனை நினைப்பவர் எத்தனை பேர்? பொதுஜன சேவை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கூறி வருகிறோம். அச்சொல்லுக்குத் தம் வாழ்நாளையே உரையாக வைத்துச் சென்ற ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பாரின் சரித்திரத்தை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் 1800-ம் ஆண்டு பிறந்தவர் அவர். தகப்பனார் மரச்சாமான் செய்யும் தொழிலினர். ஜேம்ஸ் அவருக்குப் பத்தாவது குழந்தை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மைந்தர் கட்டடத் தொழிலில் பழகினார். சுவரும் உத்தரமும் கூரையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் விதத்தை இளமையிலேயே அறிந்திருந்தமையால், தீ அவற்றை எவ்வழியாகத் தின்னும் என்பதும் அவருக்கு விளங்கிற்று.

1824-ல் அந்நகரில் தீயணைக்கும் படையொன்று அமைக்கப்பட்டபோது, 24 வயதே நிரம்பிய அவரை அதற்குத் தலைவராக்கினர். சில வாரங்களுக்குள், நவம்பர் மாதத்தில், நகரின் பழம்பகுதியில் பெருந்தீ மூண்டு நாட்கணக்கில் எரிந்தது. ஆட்களோ புதியவர்கள்; அதிகாரிகளோ ஆளுக்கொரு கட்டளை பிறப்பித்தனர். அந்த அனுபவத்திற்குப் பின்னரே, தீ எரியுமிடத்தில் ஒருவர் கட்டளையே செல்லவேண்டும் என்ற நியதி ஏற்பட்டது. கூரை வேய்வோர், தச்சர், கொத்தர், கொல்லர் முதலிய தொழிலாளரைத் தெரிந்தெடுத்துப் பயிற்சியளித்தார் பிரெய்ட்வுட். தெருவில் நின்று நீர் பாய்ச்சுவதிற் பயனில்லை. உள்ளே சென்று தீயின் மூலத்தையே தாக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பிறரை ஏவிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்பவரல்லர். இரும்புக்கடையொன்று எரிந்தபோது, உள்ளே வெடிமருந்துப் பீப்பாய்கள் இருப்பதறிந்து, தாமே புகுந்து ஒவ்வொன்றாக வெளியே சுமந்து வந்தார். தம் அனுபவங்களைத் தொகுத்து 1830-ல் நூலாகவும் வெளியிட்டார்.

1833-ல் லண்டன் மாநகர் அவரை அழைத்தது. அழைத்தது சர்க்கார் அன்று, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். பத்துக் கம்பெனிகள் சேர்ந்து 80 பேர் கொண்ட படையொன்றை நிறுவின. உலகத்தின் பெருஞ்செல்வமெல்லாம் வந்து குவிந்த நகருக்கு இவ்வளவே பாதுகாப்பு! கம்பெனிகளின் கவலை, தாம் ஈடு கட்டவேண்டிய சொத்தைப் பற்றியது. பிரெய்ட்வுடோ நகர் முழுவதையும் தம் பொறுப்பாகவே கொண்டார். 1834-ல் பார்லிமெண்டு மாளிகை பற்றி எரிந்தது. இன்ஷூர் செய்யப்படாத அக்கட்டடத்தைக் காக்கவும் அவர் தம் படையுடன் விரைந்தார். பழம்பெருமை வாய்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் அன்று தப்பியதில் அவர் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. தன் வீடே வெந்த பின்னும் பார்லிமெண்டு விழித்துக்கொள்ளவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

1838-ல் அவருக்கு விவாகம் நடந்தது. வாட்லிங் தெருவில் படையின் தலைமை நிலையமே குடும்பத்தின் வாசஸ்தலமாகவும் இருந்தது. மனைவியின் முன்மணத்துப் புதல்வரும் தீயணைக்கும் தொழிலையே மேற்கொண்டு, 1855-ல் கடமை செய்கையில் உயிர் துறந்தார். அத்துயரத்தைத் தாங்கிக்கொண்டு பிரெய்ட்வுட் மேலும் ஆறாண்டுகள் பணியாற்றினார். தலைவரின் மனைவியாகவும் வீரரின் தாயாகவும் இருந்த அம்மாதரசி, கணவர் புறப்படும் ஒவ்வொரு முறையும் என்ன எண்ணியிருப்பார்? சரித்திரம் இத்தகைய பெண்மணிகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

தேம்ஸ் நதிக்கரையிலிருந்த ராட்சதக் கிடங்குகள் தீப்பற்றினால் எப்படையாலும் அணைக்கவியலாதென்று அவர் முன்னரே எச்சரித்திருந்தார். 1861 ஜூன் 22-ம் தேதி டூலி தெருக் கிடங்குகளில் தீ மூண்டது. சணல், பருத்தி, சர்க்கரை, கொழுப்பு யாவும் எரிந்தன. தீயைத் தடுக்க அமைத்திருந்த இரும்புக் கதவுகள் திறந்தே கிடந்தன. களைத்துப்போன தம் ஆட்களுக்கு ஊக்கமளித்துக் கொண்டிருந்த வேளையில், சுவரொன்று சரிந்து பிரெய்ட்வுட்டை நசுக்கிற்று. உடலை மீட்க இரண்டு நாட்களாயின. தீ முற்றும் அவிய இரண்டு வாரங்களாயின.

ஜூன் 29-ல் நடந்த இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீண்டது; மாதாகோயில் மணிகள் ஒலித்தன. ஆப்னி பார்க் மயானத்தில், முன்சென்ற புதல்வரின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தனர். சுமார் 20 லட்சம் பவுன் நஷ்டமடைந்த கம்பெனிகள் இனிப் பாரத்தைச் சுமக்க மறுத்தன. 1865-ல் சட்டம் பிறந்தது. 1866 முதல் லண்டனின் தீயணைப்பு பொதுப் பொறுப்பாயிற்று.

மாளிகை எரிந்தபோது செய்யாததைச் சர்க்கார், உத்தமரொருவர் மாண்டு, முதலாளிகளின் பணமும் எரிந்த பின்னரே செய்தது. எடின்பரோவில் 2008-ல் அவருக்குச் சிலை நாட்டினர், நன்று. ஆயினும், எச்சரிக்கை செய்யும் ஊழியனின் சொல்லை அவன் உயிரோடிருக்கும்போதே கேட்பதுதான் அவனுக்குச் செய்யும் மெய்யான மரியாதை என்பதை நாம் மறவாதிருப்போமாக.